கரையேறிய பொடி இறால்

ஆட்டுக்கிடையைத் தன் நிலத்துக்கு இழுத்து வந்ததில் பவுனம்மாளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வில்லியனூர்ப் பக்கம் அந்த வருஷம் கிடைக்காரர்களுக்கு ஏகக் கிராக்கி. பேசிப் பேசியே ஆளை மடக்கி, குட்டையை ஒட்டிய தன் மேட்டு நிலத்தில் எருவுக்காக ஆடுகளை அடைக்க வைத்துவிட்டாள். மண் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் ஊறிக் கிடந்தது. அதற்குக் கீழே நாற்றங்கால். அந்த நாற்றுதான் அவளுக்கு வருஷத்துச் சோறு.

கிடை கிளம்பிய கையோடு மழை கொட்டியது. நாற்று மூழ்கப்போகிறது என்றதும் அவள் யோசிக்கவே இல்லை. வரப்பை வெட்டி மடை திறந்து, மேட்டிலிருந்து இறங்கி நாற்றங்காலில் தேங்கிய தண்ணீரைக் குட்டைக்குள் விட்டுவிட்டாள்.

விடிந்ததும் குட்டைக்கரையில் திருவிழாக் கூட்டம். பொடி இறால் கரையோரம் அப்பிக் கிடந்தது. நத்தைகள் தண்ணீரை விட்டுக் கோரைத்தண்டுகளில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. ஆளாளுக்குக் கூடையில் அள்ளினார்கள். பவுனம்மாளும் அள்ளினாள். கைக்கு வந்த இறால் துள்ளவில்லை, சும்மா நடுங்கியது. தானாக வந்து மாட்டிக்கொள்ள இறாலுக்கு என்ன தலையெழுத்து? தண்ணீரில் இருக்க முடியாமல்தான் ஓடி வந்திருக்கிறது.

பழிபோட அவளுக்கு உடனே ஆள் கிடைத்தான். பக்கத்து நிலத்துச் சவரிராயன் புதுச்சேரியிலிருந்து சீமை உரம் வாங்கி வந்திருந்தான்.

"ஏண்டா சவரி, இன்னாடா கொட்டின குட்டையில? மாடு கன்னு குடிக்கிற தண்ணிடா! ஊர ஆளுற மேர் கிட்ட இஸ்துகினு போறேன் பாரு!"

"மூட்டையப் பிரிக்கவே இல்லக்கா. வூட்லதான் கீது, வந்து பாரு" என்றான் அவன். "வாடை எங்கேர்ந்து வருதுன்னு நீயே மோந்து பாரேன்."

மோந்து பார்த்தாள். கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடி. அவள் வெட்டிய மடைவாயில்தான் அது அதிகம்.

பவுனம்மாள் எதையும் லேசில் ஒத்துக்கொள்பவள் அல்ல. ஒரு சட்டியில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் மடைத் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் இறாலைப் போட்டாள். கிணற்றுத் தண்ணீரில் கிடந்தவை சற்று நேரத்தில் மீசையை ஆட்டின. மடைத் தண்ணீரில் கிடந்தவை புரண்டு, வெளுத்து, அடங்கிவிட்டன.

நாற்றையும் குட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். மடையை அடைத்தால் நாற்று போகும். அடைக்காவிட்டால் குட்டை போகும்.

"எல்லாரும் கேளுங்க, குட்டையக் கெடுத்தது நான்தான்!" என்று கரை அதிரச் சொன்னாள். "அந்த இறால யாரும் வூட்டுக்கு எடுத்துகினு போவாதீங்க."

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மடையில் இறங்கி, மண்ணை வெட்டி வெட்டிப் போட்டாள். தண்ணீர் தேங்கி ஏறியது. நாற்றின் நுனிகள் கண்ணெதிரே முழுகின. அழுகை வந்தது, அழுதாள். கை மட்டும் நிற்கவில்லை.

நிமிர்ந்தபோது எதிரே சவரிராயன் நின்றிருந்தான்.

"சவரி, உன் நாத்துல மிச்சமிருந்தா எனக்கு வையி."

"திட்டினதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டியாக்கா?"

"திட்டினது தப்புதான். நாத்துக்கு இன்னா சொல்றே?"

சவரிராயன் சிரித்துவிட்டான். "பாதி நெலத்துக்குத்தான் ஆவும்" என்றபடி மடையில் இறங்கி, அவள் போட்ட மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினான்.

"மீதிக்குக் கேவுரு வெதச்சிக்கறேன்" என்றாள் பவுனம்மாள், மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு.