மூன்றாவது மையத்திலும் மணிகள்

அடையாறில் இருக்கும் இந்தப் பயிற்சி மையம் நாங்கள் படியேறிய மூன்றாவது. என் மகன் ரெஹானுக்கு ஆட்டிசம், வயது இருபத்தாறு. முந்தைய இரண்டு மையங்களிலும் ஆறு வருடமாகக் கலர் மணி பிரிக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். இங்கேயும் பயிற்சியாளர் அம்மா ஒரு தட்டு நிறைய மணிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேடம், ராயப்பேட்டையில என் கண்ணாடிக் கடையில ஐந்நூறு லென்ஸைப் பவர் வாரியா அடுக்கி வெச்சிருக்கறதே இவன்தான். கம்ப்யூட்டர் சொல்லிக்குடுங்க."

"அது லெவல் நாலு, சார். மொதல்ல லெவல் ஒண்ணு முடிக்கட்டும்."

ரெஹான் இரண்டே நிமிடத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பிரித்து வைத்தான். "குட் பாய்!" என்று கைதட்டினார். இருபத்தாறு வயதுக்காரன் குட் பாயாம்! கைதட்டிய கையோடு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தார்.

"இன்னொரு வாட்டி பண்ணு, கண்ணா."

மறுபடி பிரித்தான். மறுபடி கலந்தார்.

மூன்றாம் முறை பிரித்து முடித்ததும் ரெஹான் தட்டை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். என் பக்கம் திரும்பி, நிஜமான கவலையோடு கேட்டான்:

"அத்தா, இவங்க கலைச்சிக்கினே இருக்காங்க. இவங்களுக்கு யாரு சொல்லிக்குடுப்பாங்க?"