வீடு பூட்டியிருந்தது

சாமியார் அந்த அட்டையை இழுப்பறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தபோது, எங்கள் வாழ்க்கை இத்தனை வருடமாக இவ்வளவு சின்ன அட்டைக்குள்ளா கிடந்தது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் கோயில் பங்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டை உண்டு. ஜனவரியில் சாமியார் வீடு வீடாக வந்து மந்திரித்து, கதவு நிலையில் சாக்கட்டியால், பாலனைக் காண வந்த மூன்று ராஜாக்களின் பெயரெழுத்தைப் போட்டுவிட்டுப் போவார். எந்த வீட்டில் எப்படி வரவேற்றார்கள் என்று அட்டையில் குறித்துக்கொள்வார். முந்தாநாள் என் வீட்டுக்காரர் லூட்விக் செத்துப்போனார். அடக்கப் பூசைக்கு நாள் கேட்கத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

“ப்ரோனிஸ்வாவாம்மா, பன்னெண்டு வருஷமா ஒரே வரிதான் எழுதியிருக்கு,” என்றார் ராடோஸ்வாவ் சாமி. “‘வீடு பூட்டியிருந்தது.’ கோயில்லயும் அவரை யாரும் பார்த்ததில்ல. கடைசி நேரத்துலயாவது ஒரு சாமியாரைக் கூப்பிட்டீங்களா?”

“காலைல ஷூ மாட்டக் குனிஞ்ச மனுஷன் சாமி. அப்படியே விழுந்துட்டார். யாரைக் கூப்பிட?”

“போன மாசம் இதே மாதிரி ஒரு வீட்டுக்கு முடியாதுன்னுட்டேன். உங்களுக்கு மட்டும் எப்படிம்மா சரின்னு சொல்றது? கல்லறைக்கு வந்து ஒரு ஜெபம் சொல்றேன். கோயிலுக்குள்ள கொண்டுவர வேண்டாம்.”

கோயிலுக்குள் கொண்டுவர வேண்டாமாம்! இவர் இந்தப் பங்குக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. ஜன்னல் வழியே தெரிந்த அந்தச் சிவப்புச் செங்கல் சுவரில் லூட்விக் கை படாத வரிசை கிடையாது. லூப்ளின் நகரம் முடிந்து உருளைக்கிழங்கு வயல் தொடங்கும் இடம்தான் அப்போது எங்கள் ஓல்ஷினா. அடுக்குமாடிகள் எழும்பின, பள்ளிக்கூடம் வந்தது, பஸ் வந்தது. கோயிலுக்கு மட்டும் கம்யூனிஸ்ட் அரசாங்கம் அனுமதி தரவில்லை. ஐந்து கிலோமீட்டர் பனியில் நடந்து பூசைக்குப் போனோம். ஒருநாள் லூட்விக், “எதுக்கு நடக்கணும்? நம்ம தக்காளி வளர்க்கிற கண்ணாடிக்கூடம் சும்மாதானே இருக்கு,” என்றார். தான் தச்சுவேலை செய்யும் மேசையைச் சீவித் தேய்த்துப் பீடமாக்கினார். அதற்கு விரிப்பு தைத்தவள் நான். ஞாயிறுதோறும் அதை வெளுத்துக் கஞ்சி போட்டவளும் நான்தான். போலீஸ்காரன் வந்து என்ன கூட்டம் என்று கேட்டபோது இருநூறு பேரும் நின்ற இடத்திலேயே, “தக்காளிக்குத் தண்ணி ஊத்துறோம்,” என்றோம். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அனுமதியும் வந்தது. ஏழு வருடம் வேலைவிட்டு வந்து வந்து ஜனங்களே கட்டிய கோயில் இது.

பங்கு வளர்ந்தது. பன்னிரண்டாயிரம் பேர், மூன்று உதவிச் சாமியார்கள், பளிங்குப் பீடம். லூட்விக்கின் மேசை பின்னால் கொட்டகைக்குப் போனது. அப்போதிருந்த பங்குத்தந்தை ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனியன்று ஒரு வருடம் அதை அறுத்து, கோயில் வாசலில் மூட்டும் புதுத் தீக்குக் கொடுத்துவிட்டார். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது, எரிப்பதுதான் முறை. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. நாங்கள் மெழுகுவத்தியோடு நின்றிருந்தோம். மேசையின் கால் ஒன்று நெருப்பில் கிடந்ததை லூட்விக் அடையாளம் கண்டுகொண்டார். கையிலிருந்த மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அதோடு சரி.

இதையெல்லாம் சொன்னேன். சாமியார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியது போலத்தான் இருந்தது.

“இது எனக்குத் தெரியாதும்மா. ஆனா கோபம்னாலும் பன்னெண்டு வருஷமா? ஒரு தடவையாவது கதவைத் திறந்திருக்கலாமே அவரு.”

அங்கேயே வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். லூட்விக் தலையில் பழியைப் போட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

“அவர் பூட்டல சாமி. மொத வருஷம் மட்டுந்தான் அவரு. மத்ததெல்லாம் நான்.”

சாமியார் நிமிர்ந்தார்.

“ரெண்டாம் வருஷம், சாமியார் மந்திரிக்க வர்ற அன்னிக்குக் காலைல எந்திரிச்சதும் அவரே வெள்ளை விரிப்பை எடுத்து மேசையில போட்டார். சிலுவை வச்சார், தீர்த்தம் வச்சார். ‘ப்ரோன்யா, இன்னிக்கு நம்ம தெருதானே?’ன்னு கேட்டார். அவருக்கு ஆறிப்போச்சு. எனக்கு ஆறல. பீடத்துக்கு நான் கஞ்சி போட்ட விரிப்பு எங்க போச்சுன்னு எவனாவது கேட்டானா? ‘இல்ல, நம்ம தெருவை விட்டுட்டாங்க’ன்னு சொன்னேன். வாசல் மணி அடிச்சப்போ அவரு பின்னால கண்ணாடிக்கூடத்துல செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தார். நான் லைட்டை அணைச்சுட்டு மூச்சு விடாம நின்னேன். அப்புறம் வருஷாவருஷம் அதே பொய்தான். ‘பங்கு பெருசாயிடுச்சு, நம்மள எங்க ஞாபகம் இருக்கப்போவுது’ன்னுட்டு விரிப்பை மடிச்சு வைப்பார். யாருக்கும் வேண்டாதவன் எதுக்குப் போகணும்னு கோயிலுக்கும் வரல. என்னை எந்த நரகத்துல வேணா போடுங்க சாமி. அவரை உள்ள கொண்டுவாங்க.”

எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஞாயிறுதோறும் பஸ் ஏறி அடுத்த பங்குக்குப் போய்ப் பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வந்தவள் நான். அங்கே ஒரு பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை.

சாமியார் பேனாவைத் திறந்தார், பிறகு மூடினார். 

“அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வர்றேன்,” என்றார். “இப்போ எதுவும் சொல்ல மாட்டேன். அந்தக் கண்ணாடிக்கூடத்தையும் பார்க்கணும். வீட்டுல இருங்க.”

வந்ததும் வெள்ளை விரிப்பை எடுத்தேன். அவர் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. சிலுவை வைத்தேன், இரண்டு மெழுகுவத்தி வைத்தேன். அவர் ஒற்றைக் காலில் மாட்டியிருந்த ஷூ, கழற்றிப் போட்டபடியே வாசலருகே கிடந்தது. அதை நான் தொடவில்லை. நாலரைக்கே இருட்டிவிடும் அக்டோபர் கடைசி. வீட்டிலிருந்த விளக்கு எல்லாவற்றையும் போட்டேன். கதவுத் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு நடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

வாசல் மணி அடித்தது. எழுந்தேன். என் கை தானாகப் போய் நடை விளக்கை அணைத்தது.