புனிதாவின் கடகட சைக்கிள்

சத்தம் போடாத சைக்கிளோடு வந்தால் வா, இல்லாவிட்டால் வீட்டிலேயே இரு.

குரு இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லைதான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க லா. உள்ள பேட்டரி லூசா இருக்கோ என்னமோ, யாருக்குத் தெரியும்? மலை எறங்கறப்ப கழண்டு விழுந்துச்சுன்னா பின்னால வரவன் கதி என்னா? சரி பண்ணிட்டு வாங்க. இல்லன்னா இந்த ஞாயித்துக்கெழம வேணாமே" என்று குழைந்து குழைந்துதான் சொன்னான். ஆனால் புனிதாவின் காதில் விழுந்தது அப்படித்தான். குரு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கடை வாசலிலிருந்து கிளம்பும் சைக்கிள் கூட்டத்துக்கு அவன் வைத்ததுதான் சட்டம்.

வேறு எந்தப் பயணமாக இருந்தாலும் புனிதா போகட்டும் என்று விட்டிருப்பாள். இந்த ஞாயிறு அம்பாங் மலைச்சாலை. போன வருடம் அதே மலையில், சாதாரண சைக்கிளில் பாதி தூரம் ஏறியபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்தது வரைக்கும்தான் நினைவு. கண் விழித்தபோது சாலையோரத்தில் பழம் விற்கிற ஒரு மலாய்க்கார அம்மா அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முன்னால் போன கணவன் விமலனுக்கு விஷயமே தெரியாது. ரத்தத்தில் இரும்புச் சத்து இல்லை என்றார் டாக்டர். அதன் பிறகு மாத்திரை, கீரை, ஓய்வு. கடைசியில் விமலனே பார்த்து வாங்கிக்கொடுத்ததுதான் இந்த மின்சார ரோட் பைக். மிதித்தால்தான் ஓடும். மேடு வந்தால் உள்ளே இருக்கும் மோட்டார் கூட ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. அந்த மலையின் உச்சிக்குப் போய் நின்று கோலாலம்பூரை மேலிருந்து ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்பது புனிதாவின் பிடிவாதம். கூட்டத்தோடு போனால்தான் பின்னால் உதவிக்கு வேன் வரும். வேன் இல்லாமல் அந்த மலைப் பக்கம் விமலன் அவளைத் தலை வைத்துப் படுக்கவும் விடமாட்டான். எல்லாம் சரியாக இருக்க, இடையில் வந்து உட்கார்ந்துகொண்டது இந்தச் சத்தம்.

நல்ல சாலையில் சைக்கிள் சாதுவாகத்தான் இருக்கும். சின்னப் பள்ளமோ மேடோ வந்தால் போதும், வண்டியின் வயிற்றுக்குள்ளிருந்து கடகடகட என்று தகர டப்பாவில் போட்ட கொட்டைப் பாக்கு மாதிரி ஆரம்பித்துவிடும். அவர்கள் ஊரான கிள்ளானின் சாலைகளில் பள்ளத்துக்கா பஞ்சம்? அவள் வருகிறாள் என்று அடுத்த தெருவுக்கே தெரிந்தது. கூட்டத்தில் அவளுக்குக் 'கடகட அக்கா' என்று பட்டப் பெயர் வேறு. விமலன் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். ராட்சத கிரேனையே அடக்குகிறவன், பலமுறை இதைத் தூக்கிப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான். "ஃப்ரேம்னா இப்படித்தாம்மா இருக்கும். ஒண்ணும் பண்ண முடியாது" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை விமலனுக்கு வேலை. புனிதா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. காலை வகுப்பை முடித்துக்கொண்டு வந்தவள், சோறுகூடச் சாப்பிடாமல் சைக்கிளைப் போர்ட்டிக்கோவில் நிறுத்தினாள். கியர் போடத் தெரியாத பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் கார்கள் கதறுவதைக் கேட்டு வளர்ந்த காது அது. 'இன்னிக்கு நீயா நானா பாத்துருவோம்' என்று கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

முதலில் தண்ணீர் பாட்டிலைக் கழற்றினாள். சீட்டுக்கு அடியில் இருந்த பையைக் கழற்றினாள். முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போட்டாள். கடகட. கைப்பிடியில் இருக்கும் வயர்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போட்டாள். அப்போதும் கடகட. சீட்டுத் தண்டைக் கழற்றி வைத்தாள். அது பாட்டுக்குக் கடகட. பிறகு உள்ளங்கையால் ஒவ்வொரு குழாயாகத் தட்டிக்கொண்டே வந்தாள். கைப்பிடிக்குக் கீழிருந்து பெடலுக்கு இறங்கும் தடித்த குழாயில் தட்டியதும் உள்ளே ஏதோ நடுங்கியது. பேட்டரி இருக்கும் இடம்!

குழாயின் அடிமூடியைத் திறந்து, நீளமான பேட்டரியை உருவி வெளியே வைத்தாள். மறுபடி சக்கரத்தைப் போட்டாள். கடகட நின்றுவிட்டது. ஆனால் அதுவரை அமுங்கிக் கிடந்த இன்னொரு சத்தம், டிக் டிக் என்று மெலிதாகக் கேட்டது. புனிதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திருடன் ஒருவன் இல்லை, இரண்டு பேர்!

கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தாள். பிரேக் குழலும் மோட்டார் வயரும் பிடிமானம் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. வண்டி குலுங்கும்போதெல்லாம் சுவரில் போய் அடித்துக்கொள்வது அவைதான். பேட்டரியின் கதை வேறு. அதன் அடிப்பாகம் உட்காரும் இடத்தில் பசை ஒட்டிய சதுரமான தடம் ஒன்று இருந்தது. அங்கே ஏதோ மெத்தென்று ஒட்டியிருந்து, இப்போது இல்லை. வெறும் உலோகத்தில் பேட்டரி ஆடிக்கொண்டிருந்தது.

சரி, என்னத்தை வைத்து அடைப்பது? பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் வர நேரம் இல்லை. வீட்டுக்குள் ஓடினாள். சாமி மேடையில் தட்டு நிறைய பேரிக்காய், ஒவ்வொன்றும் வெள்ளை நுரை வலையைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "முருகா, மன்னிச்சிரு, பழம் ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு எல்லாச் சட்டையையும் உரித்துக்கொண்டு வந்தாள். வலைகளை நீளமாக வெட்டி, பிரேக் குழலையும் வயரையும் சுற்றிச் சுற்றி மூடி, டேப் போட்டு ஒட்டினாள். பேட்டரிக்கு வலை தாங்காது. விமலனின் பழைய ரப்பர் சிலிப்பர் ஒன்று வாசலில் கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள். பசைத் தடத்தின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி ஒட்டி, பேட்டரியை உள்ளே தள்ளினாள். இறுக்கமாக, செல்லமாகப் போய் உட்கார்ந்தது. கழற்றிய மற்றதையும் மாட்டி முடித்தாள்.

சக்கரத்தைத் தூக்கிப் போட்டாள். ஒன்றும் இல்லை. இன்னும் உயரத்திலிருந்து போட்டாள். டயர் துள்ளிய சத்தம் மட்டும்தான். சைக்கிளில் தாவி ஏறி, அவர்கள் குடியிருக்கும் தாமானில் இருக்கிற பள்ளம், சாக்கடை மூடி, வேகத்தடை ஒன்று விடாமல் தேடித் தேடி ஏற்றி இறக்கினாள். மூச்! நடுத்தெருவில் அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய்தான் பயந்து குரைத்தது. வாட்ஸாப்பில் குரலைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்திக்கொண்டு ஒரு வேகத்தடையைத் தாண்டி, அதைக் குருவுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்.

"என்னக்கா அனுப்பனீங்க? ஒண்ணுமே கேக்கல."

"அதான்டா!"

விமலனிடம் அவள் சொல்லவில்லை. நாளைக்கு அவனே தெரிந்துகொண்டு அசந்துபோகட்டும் என்று நினைத்தாள். "குரு வரச் சொல்லிட்டான்" என்று மட்டும் சொன்னாள். விமலனும் சரியென்று தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நகரத்து வாகன இரைச்சலில் அவன் எதையும் கவனிக்கவில்லை. அம்பாங் தாண்டி மலைச்சாலை தொடங்கியதும் மரங்களும் பறவைகளும்தான். வழக்கம்போல விமலன் முன்னால் போனான். புனிதா மோட்டாரைக் குறைந்த அளவில் வைத்துக்கொண்டு, கால் வலிக்க மிதித்தாள். மூச்சு சீராக இருந்தது. கண் இருட்டவில்லை. விழுந்த இடத்தைத் தாண்டியபோது சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு வளைவில் விமலன் மறைந்தான்.

அவளும் அந்த வளைவில் திரும்பினாள். விமலன் சைக்கிளைச் சாலையோரம் எறிந்துவிட்டு, சைக்கிள் சப்பாத்து வழுக்க வழுக்கக் கீழ்நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "புனி! புனி!" என்று அலறியவன், எதிரே அவளைப் பார்த்ததும் அவள் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"என்னாங்க? என்ன ஆச்சு?"

"சத்தம்... சத்தம் கேக்கல."

"சரி பண்ணிட்டேன்ல! பேட்டரிக்கு அடியில ஒரு துண்டு இல்லாம இருந்துச்சு, ஒங்க சிலிப்பர வெட்டி..."

விமலன் சாலையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "அந்த ரப்பர் துண்டு என் டூல்பாக்ஸ்ல இருக்கு, புனி. நாந்தான் பிச்சு எடுத்தேன்."

புனிதாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் தலைக்கு மேல் கோபம் ஏறியது. "இத்தன மாசம் எல்லாரும் கேலி பண்ணாங்களே, பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? இன்னிக்கு இங்க வர முடியாமப் போயிருக்குமே! ஏங்க?"

"போன வருஷம் நீ கீழ கெடந்தே. நான் மேல நின்னு சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியவே இல்லை புனி. இந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா, நீ வரேன்னு அர்த்தம்."

"திரும்பிப் பாத்தா கழுத்து சுளுக்கிக்குமா?"

"திரும்பிப் பாத்தா நீ திட்றியே. சீக்காளியப் பாக்குற மாதிரி பாக்காதீங்கன்னு சொன்னது நீதானே?"

சொன்னது அவள்தான். ஒரு தடவையா சொன்னாள்? சைக்கிளிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றாள். பின்னால் வந்த வேனிலிருந்து குரு எட்டிப் பார்த்து, "ஓகேயாக்கா?" என்றான். ஓகே என்று கை காட்டினாள்.

"எந்திரிங்க," என்றாள் விமலனிடம். "இனிமே நீங்க பின்னால வாங்க. நல்லாப் பாத்துக்கிட்டே வாங்க. திட்ட மாட்டேன்."

அவன் போய்த் தன் சைக்கிளை நிமிர்த்தியதும் அவள் ஏறி உட்கார்ந்து, மோட்டாரை ஒரு படி கூட்டினாள். கோபம் இருக்காதா பின்னே! சைக்கிள் சத்தமே இல்லாமல் மேலே பறந்தது. காற்று முகத்தில் அடித்தது, உச்சி கண்ணில் பட்டது. அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. திடீரென்று, பின்னால் ஒரு சத்தமும் இல்லை என்பது உறைத்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டு விமலன் வந்துகொண்டிருந்தான். புனிதா மோட்டாரை ஒரு படி குறைத்தாள். உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் இன்னும் எத்தனை முறை திரும்பிப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.