வடக்கு இடது கைப் பக்கம்

மாமல்லபுரத்தில் இரண்டு நாள் மாநாடு என்று சுற்றறிக்கை வந்தபோது, தலைமையாசிரியர் தாமோதரன் அதைத் துர்காதேவியின் மேசைமேல் வைத்து, போய் வந்துவிடுங்கள் என்றார். மாவட்டத்துச் சமூக அறிவியல் ஆசிரியர்கள் கூடும் மாநாடு. வேடந்தாங்கல் பக்கத்து அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு இருந்தது அவள் ஒருத்திதான். யாரை அனுப்புவது என்ற பேச்சே எழவில்லை.

அவளுக்குப் போக மனமில்லை. இருபத்திரண்டு வருடமாக வேலை. பாதி நாள் வாக்காளர் பட்டியல் திருத்தம், மீதி நாள் கணினியில் மாணவர் விவரம் ஏற்றுவது, நடுவில் மிஞ்சிய நேரத்தில் பாடம். கொஞ்ச காலமாகக் காலையில் பள்ளி கேட்டைப் பார்த்தாலே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. மாநாட்டில் புதிதாக யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் படாளம் வந்து, செங்கல்பட்டில் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினாள்.

காலை முழுவதும் அவள் நினைத்தபடியே நடந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் வாழ்த்திப் பேசினார்கள். கற்பித்தலில் புதுமை என்று ஒருவர் திரையில் நாற்பது படம் காட்டினார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்துவைத்தபடியே அவள் பாதி தூங்கினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு புதுப்பட்டினத்திலிருந்து சந்திரம்மா என்ற ஆசிரியை மேடைக்கு வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. கையில் படமும் இல்லை, குறிப்பும் இல்லை. தன் வகுப்பில் முக்கால்வாசி மீனவர் வீட்டுப் பிள்ளைகள் என்று தொடங்கினாள். தமிழ்நாடு வரைபடத்தில் வடக்கு எது என்று கேட்டால் பிள்ளைகள் இடது கைப் பக்கத்தைக் காட்டுவார்களாம். பதினைந்து வருடம் அதைத் தப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஒருநாள் ஒரு மாணவி, தாளைத் திருப்பிக் கடல் மேலே வரும்படி வைத்துக்கொண்டு குறிப்பதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்தப் பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்றால் எதிரில் கடல். கடலைப் பார்த்து நின்றால் வடக்கு இடது கைப் பக்கம்தான்.

"அதுங்க சரியாத்தான் சொல்லிகினு இருந்துதுங்க. எனக்குத்தான் அவ்ளோ வருசமா புரியல" என்றாள் சந்திரம்மா. யாரும் கை தட்டவில்லை. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று அமைப்பாளர் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

துர்காதேவி எழுந்து நின்றாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது. இதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் அவள் வாயைத் திறந்ததில்லை.

"என் வகுப்புல தமிழ்ச்செல்வின்னு ஒரு பொண்ணு" என்றாள். "வரைபடத்த குடுத்தா ஒரு புள்ளி கூட வைக்காம வெறுந்தாளா திருப்பிக் குடுக்குது. திட்டிப் பாத்தேன், வெளில நிக்க வச்சேன். அப்புறம் விட்டுட்டேன். அத மட்டும் இல்ல. ரெண்டு வருசமா நான் வரைபடமே நடத்தறதில்ல. போர்டுல பேர எழுதிப் போட்டு காப்பி பண்ணச் சொல்லிட்டு உக்காந்துடறேன். முடியல."

நூற்றுச்சொச்சம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இதை மேலிடத்துக்கு யாராவது சொன்னால் என்ன ஆகும் என்று அப்போதுதான் தோன்றியது. உட்காரவும் முடியாமல் நின்றாள். மூன்றாவது வரிசையில் கோதண்டராமன் என்ற முன்வழுக்கை விழுந்த ஆசிரியர் ஒருவர், எழுந்திருக்காமலேயே, "நானும் அப்படித்தாங்க" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். பிறகு அமைப்பாளர் அடுத்தவரை அழைத்துவிட்டார்.

சாயங்காலம் சந்திரம்மா அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். இருவரும் தேநீர் டம்ளருடன் கடற்கரை மணலில் உட்கார்ந்தார்கள். அந்த வெறுந்தாள் பெண்ணுக்கு என்ன செய்வது என்று துர்காதேவி கேட்டாள். ஏதோ ஒரு வழி வைத்திருப்பாள் என்று நம்பினாள்.

"எனக்கு இன்னா தெரியும் டீச்சர்? நீங்க தினம் பாக்கற பொண்ணு அது" என்றாள் சந்திரம்மா. "ஏன் வெறுமனே குடுக்கறன்னு அதையே கேட்டீங்களா?"

கேட்கவில்லை. திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது, கேட்டதாக ஒரு நாள்கூட நினைவில்லை. தனக்கும் அலுப்புதான் என்றும், போன வருடம் மூன்று மாதம் புத்தகத்தைப் பிள்ளைகளையே வாசிக்கவிட்டு ஓட்டியதாகவும் சந்திரம்மா சொன்னாள். அதைக் கேட்டபோது துர்காதேவிக்கு நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்தது. கைப்பேசி எண்களை எழுதிக்கொண்டார்கள்.

மாநாடு முடிந்து ஊர் திரும்பியதும், திங்கட்கிழமை மதியம் தமிழ்ச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரில டீச்சர்" என்றாள் அந்தப் பெண். "அதுல நம்ம ஊரே இல்லியே."

துர்காதேவி வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். மாநிலத்தின் எல்லைக் கோட்டுக்குள் வெறும் வெள்ளை. இத்தனை வருடம் கொடுத்த தாளை அவள் இப்படிப் பார்த்ததில்லை. பென்சிலைக் கொடுத்து, முதலில் உங்கள் வீட்டைப் போடு என்றாள். எங்கே போட வேண்டும் என்று தெரியாமல் பெண் விழித்தாள். இருவரும் வகுப்பறைக்கு வெளியே வந்து, சூரியன் எந்தப் பக்கம் எழுகிறது, ஏரி எந்தப் பக்கம், கடலுக்கு எந்தப் பக்கம் பேருந்து போகிறது என்று பார்த்தார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு புள்ளி வைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

மறுவாரம் வகுப்பு முழுவதையும் வெளியே அழைத்துப் போனாள். வெயிலில் தலை வலித்தது. பையன்கள் கத்தினார்கள். இரண்டாம் நாள் போகாமல் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மறுபடி போனாள். நடுவில் வாக்காளர் வேலை வந்து பத்து நாளைத் தின்றது. தாங்க முடியாத நாட்களில் சந்திரம்மாவுக்கு ஃபோன் செய்தாள். பெரும்பாலும் இருவரும் குறைபட்டுக்கொண்டார்கள், எப்போதாவது ஒரு பாடத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அரையாண்டுத் தேர்வில் தமிழ்ச்செல்வி கேட்ட ஐந்து இடங்களில் மூன்றைக் குறித்திருந்தாள். சென்னையும் கல்பாக்கமும் சரி. வைகையைக் காவிரி ஓட வேண்டிய இடத்தில் ஓடவிட்டிருந்தாள். துர்காதேவி இரண்டு மதிப்பெண் போட்டாள். ஆற்றின் மேல் சிவப்பு மையால் சுழித்து, நாளைக்கு என்னை வந்து பார் என்று ஓரத்தில் எழுதினாள். பிறகு கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள்.