சட்டி துடைத்தது கணக்கில் வராது

1.

இந்தக் கதை சந்தேகத்தில் பிறந்தது. அம்மாவின் கால்விரல் புண் மாரிமழை தொடங்கியதிலிருந்து ஆறவில்லை. இரத்தத்தில் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று வவுனியா கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார். சண்டை ஓய்ந்து பாதை திறந்தபிறகு நெடுங்கேணியிலிருந்து அங்கே போய்வருவது சுகம். ஆனால் போகிற ஒவ்வொரு முறையும் சீனி கூடித்தான் இருக்கிறது. வீட்டில் யாரோ பொய் சொல்கிறார்கள்.

(நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆட்களோடு கதைக்க வெட்கம். அதனால் எழுதுகிறேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "என் அண்ணி சுகந்தினி ஒரு பொல்லாத

வெட்டிவிட்டேன்.

2.

சோறு போடுவது அண்ணிதான். நேர்ஸ் சொன்ன அளவு எங்கள் எல்லோருக்கும் பாடம்: சோறு ஒரு பொத்திய கையளவு, மீன் உள்ளங்கையளவு, சோறு போடுகிற கோப்பையின் மிச்ச இடம் முழுக்கக் கீரையும் மரக்கறியும்.

ஆனால் யாருடைய கை? அண்ணி தன் கையைப் பொத்தி அளந்தார். நெல்மூட்டை தூக்குகிற கை அது. அம்மாவின் கையோ சின்னது, அவரின் காப்பு எனக்கே ஏறாது.

இதை அண்ணன் பிரதீபன் ஒருநாள் கண்டுபிடித்துக் கத்தினார்.

"அம்மாவைச் சாக்காட்டப் பாக்கிறியோ?"

"அப்ப மாமியின்ர கையாலயே அளவுங்கோ! ஆர் வேண்டாம் எண்டது?"

அன்றிலிருந்து அம்மா கையைப் பொத்திக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பார். அண்ணி அதைப் பார்த்துப் போடுவார். அடுத்த கிளினிக்கில் சீனி இன்னும் கூடிவிட்டது. அண்ணன் அண்ணியோடு கதைப்பதை நிறுத்தினார். அண்ணி ஒட்டுசுட்டானில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போகப் பை அடுக்கினார்.

[அண்ணி கெட்டவராக இருந்தால் கதை இந்த இடத்திலேயே சுலபமாக முடிந்துவிடும். அந்தச் சுலபத்தின்மீதும் எனக்குச் சந்தேகம்.]

3.

இன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு எழும்பியபின் குசினிக்குப் போனேன். அம்மா மீன்குழம்புச் சட்டிக்குள் மிஞ்சிய சோற்றைப் போட்டுப் பிரட்டிக்கொண்டிருந்தார். இது எங்கள் வீட்டு வழக்கம். பிரட்டிய சோற்றை உருண்டை பிடித்து நிற்கிறவர்களின் கையில் கொடுப்பார். கோப்பையில் போடாததால் அதை யாரும் சாப்பாடாக எண்ணுவதில்லை. இன்று நிற்கிறவர் யாரும் இல்லை. அம்மா ஓர் உருண்டையை வாயில் போட்டார். பிறகு இன்னொன்று.

"அம்மா!"

"என்னடி கத்துறாய்? சட்டி துடைக்கிறன்."

"இதுவும் சோறுதானே?"

"சோறெண்டால் கோப்பையில இருக்கும். இதைக் கழுவி ஊத்தினால் பாவமெல்லோ?"

"டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?"

"என்ன சாப்பிட்டனீங்கள் எண்டுதான் அவர் கேட்டவர். சட்டி துடைச்சனீங்களோ எண்டு கேக்கேல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் கால்விரல் கட்டின்மேல் ஓர் ஈ வந்து இருந்தது. சிரிப்புப் போய்விட்டது.

* அம்மா பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். பொய்க்காரரைத் தேடிப் புறப்பட்ட கதையில் பொய்க்காரரே இல்லை.

4.

முடிவு ஒன்று: நான் அண்ணனிடம் சொல்கிறேன். அவர் அண்ணியிடம் மன்னிப்புக் (அண்ணனா? வெட்டினேன்.)

முடிவு இரண்டு: அம்மா தானாகவே சட்டிக்குள் தண்ணீரை (எழுதின நானே நம்பவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா கடைசி உருண்டையை அதற்குள் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணி பையோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்ன மாமி செய்யிறீங்கள்?"

"சட்டி துடைச்சனான் பிள்ளை."

அண்ணி சட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மச்சாள், நீராவது சொல்லும். நான் அளவுக்கு மேல போட்டனானோ?"

ரோட்டில் ஒட்டுசுட்டான் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. என் வாய் நிறையச் சோறு. விழுங்கினால் பதில் சொல்லவேண்டும். அதனால் மென்றுகொண்டே நிற்கிறேன்.

உங்கள் வாயில் ஒன்றும் இல்லையே. நீங்கள் சொல்லுங்கள்.