பங்கர் கெதர

குண்டசாலையில் பஸ்ஸை விட்டிறங்கி மேட்டுப் பாதையில் ஏறினால், பத்மாதேவி கட்டிக்கொண்டிருந்த வீடு சட்டென்று கண்ணில் படாது. கண்ணில் படாததுதான் ஊருக்குப் பெரிய குறை. வீடு என்றால் மேட்டின் உச்சியில் ஏறி நின்று, வெள்ளையடித்த முகத்தைக் காட்டி, 'இது இன்னாருடையது' என்று நாலு பேருக்குச் சொல்ல வேண்டாமா? இது சரிவுக்குள் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பூச்சுப் பூசாத செம்மண் சுவரோடு, கூரைமேல் மண்ணைச் சுமந்துகொண்டு கிடந்தது. தொண்ணூற்றைந்தில் சண்டை மறுபடி தொடங்கியதிலிருந்து பாலத்தடியிலும் சந்தியிலும் காவலரண்களைப் பார்த்துப் பழகிய சனம், அதற்கு ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டது: பங்கர் கெதர. பங்கர் வீடு. பஸ் கொண்டக்டர்கூட அந்தத் தரிப்பிடத்தை அப்படித்தான் கூவினான்.

முதல் தடவை அதைக் கேட்டபோது பத்மாதேவி படியில் நின்றபடியே திரும்பி, "சரியாகச் சொன்னீர்கள், அது என் வீடுதான்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு இறங்கினாள். பஸ் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அவள் கட்டடக்கலை படித்தவள். தகப்பன் யாழ்ப்பாணத்தார், கண்டிக் கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்தவர். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் கண்டியில். டவுனில் ஒரு கந்தோரில் இருந்துகொண்டு வங்கிகளுக்கும் பாடசாலைகளுக்கும் படம் வரைந்தே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அத்தனை வருடமும் ஒரே கூத்தைத்தான் பார்த்தாள். சரிவில் காணி வாங்குவார்கள். புல்டோசரை விட்டு மலையின் வயிற்றை வெட்டுவார்கள். வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளுவார்கள். பிறகு பயந்துபோய் கொங்கிறீட் தடுப்புச் சுவர் எழுப்புவார்கள். இரண்டு மாரி போனதும் சுவர் வயிறு தள்ளி நிற்கும். 'எனக்கென்று ஒன்று கட்டினால் மலையோடு மல்லுக்கட்ட மாட்டேன்' என்று அவள் அப்போதே நினைத்து வைத்திருந்தாள்.

நினைத்தபடியே செய்தாள். சரிவில் தோண்டிய மண்ணை வெளியே ஒரு கூடைகூட அனுப்பவில்லை. கொஞ்சம் சிமெந்து கலந்து, பலகைச் சட்டங்களுக்குள் கொட்டி, இடித்து இறுக்கி, ஒன்றரை அடித் தடிப்பில் சுவராக்கினாள். கொங்கிறீட் கூரைத் தட்டின் மேல் தண்ணீர் இறங்காத பூச்சும் அதன்மேல் மண்ணும். நின்ற பலாமரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி ஒரு முற்றம். முற்றத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் சேர்க்க ஒரு பெரிய தொட்டி.

கணவன் நவரட்ணராஜா கணித வாத்தியார். மனைவியின் கெட்டித்தனத்தில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஊரைப் பற்றித்தான் பயம்.

"தேவி, உமக்கு விசரே? நாங்கள் இருக்கிற இருப்புக்கு, நாலு பேரைப் போல ஒரு வீட்டைக் கட்டிப்போட்டுப் பேசாமல் இருந்தால் காணாதே? எல்லாரும் திரும்பிப் பாக்கிற மாதிரி ஏன் கட்டவேணும்?"

"எண்பத்துமூண்டில நாலு பேரைப் போலத்தானே இருந்தனாங்கள்?" என்றாள் அவள். "ஓட்டுக்கூரை, வெள்ளைச் சுவர், முன்னால ரோசாக் கண்டு. ஆரும் விட்டவையே?"

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு அந்த ஆடிக் கலவரத்தில் எரிந்தது. அகதி முகாமிலிருந்து திரும்பிவந்து பார்த்தபோது கூரைத் தீராந்தி, கதவு, அலுமாரி எல்லாம் கரி. பின்பக்கத்துப் பழைய குசினியின் தடித்த மண்சுவர் மட்டும் கறுத்துப்போய் நிமிர்ந்து நின்றது. அவர் அழுதார். அவள் அந்தச் சுவரை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊர் பேசியது ஒன்றா இரண்டா? கெலிஓயா மரவியாபாரி ஹாஷிம் கதவு நிலைகளுக்குப் பழைய பலகை கொண்டுவந்து இறக்கியபோது, கைமரமே இல்லாத கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்ன மிஸ் இது! கைமரமும் இல்ல, சிலாகையும் இல்ல. இப்பிடி எல்லாரும் கட்டப் போனா நான் எங்க போற? என்ட யாவாரத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே!"

"மண்ணை உங்கட யாவாரத்தில போடேல்லை ஹாஷிம் நானா, கூரையிலதான் போட்டனான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் போகும்போது, "பாம்பு வரும் மிஸ், பாத்துக்கோங்க" என்று சொல்லாமல் போகவில்லை. பாம்பு, பூரான், ஈரம், இருட்டு என்று எதைச் சொல்லாமல் விட்டார்கள்? வேலிக்கு அப்பால் மேல்வளவில் குடியிருந்த எக்கநாயக்க ஓய்வுபெற்ற தபாலதிபர். காணி வாங்கிய அன்றே பலாக்காய் கொண்டுவந்து கொடுத்த நல்ல மனிதர். அவரே வேலியில் கையூன்றி நின்று, "மகள், உயிரோடு இருக்கும்போதே ஏன் மண்ணுக்குள் போகிறீர்கள்?" என்று கேட்டார். பத்மாதேவி எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். பதில் சொல்ல அவளுக்குப் பிடிக்கவும் செய்தது.

பதிலுக்கு அடங்காத கதையும் ஒன்று வந்தது. தைமாதக் கடைசியில் கொழும்பில் பெரிய குண்டு வெடித்தது. அந்தக் கிழமைதான் அவளுடைய மேசன் பாஸ் செல்லச்சாமி முற்றத்தில் தொட்டிக்குக் குழி வெட்டி, சுவர் எழுப்பி, பாதி மூடியிருந்தார். ஒரு தமிழ் மனிசி நிலத்துக்குக் கீழே அறை கட்டுகிறாள் என்று கதை கிளம்பியது. சந்திக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அறை சுரங்கமாயிற்று. மறுநாள் அந்தச் சுரங்கம் விக்டோரியா அணைக்கட்டு வரைக்கும் போய்விட்டது.

கதை பொலிசுக்கும் போயிற்று. பத்மாதேவி கந்தோரில் இருந்த ஒரு காலைநேரம் ஜீப் வந்து செல்லச்சாமியை ஏற்றிக்கொண்டு போனது. எக்கநாயக்கதான் தபாற்கந்தோருக்கு ஓடிப்போய் அவளுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

நவரட்ணராஜா பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். "முதல்ல ஒரு லோயரைப் பிடிப்பம். நீர் தனியப் போகவேண்டாம்."

"லோயர் பிறகு. முதல்ல படம்" என்று சொல்லி, வீட்டின் வரைபடச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் நடந்தாள். அவர் பின்னால் போனார்.

இன்ஸ்பெக்டரின் மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைத் தானே ஓரமாக நகர்த்திவிட்டு அவள் படத்தை விரித்தாள். சுருண்டுகொள்ளாதபடி தாளின் இரண்டு நுனிகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பேச்சு முழுவதும் சிங்களத்தில்தான்.

"இந்தக் குழி என்ன?"

"மழைத்தண்ணீர்த் தொட்டி."

"ஏன், குழாய்த் தண்ணீர் இல்லையா?"

"இருக்கிறது. காலையில் கொஞ்சநேரம் வரும், பிறகு நின்றுவிடும். உங்கள் குவாட்டர்ஸில் எப்படி?"

இன்ஸ்பெக்டர் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"என் மேசன் பாஸை விடுங்கள்" என்றாள் அவள். "அவர் நான் வரைந்ததைத்தான் கட்டினார். கேட்பதென்றால் என்னிடம் கேளுங்கள். வந்து தேடுங்கள், ஆமியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் பகலில் வாருங்கள். ஜீப்பைத் தெருவில் நிறுத்திவிட்டு, ஊர் பார்க்க வாருங்கள். நீங்கள் தேடுவதை ஊர் பார்த்தால், அங்கே ஒன்றும் இல்லை என்பதையும் ஊர் பார்க்கும்."

செல்லச்சாமியைப் பின்னேரமே விட்டார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"ரெண்டு அறைதான் விட்டாங்கம்மா. நாளைக்கு வேலைக்கு வந்துர்றேன். தொட்டியப் பாதியில விட்டா மழைக்கு இடிஞ்சு விழுந்துரும்."

"நாளைக்கு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்றாள் பத்மாதேவி. இத்தனை நாளும் அவள் பேசிய வாய்க்கு அறை வாங்கியது இந்த மனிதனின் கன்னம். அந்த நினைப்பு முள்ளாகக் குத்தியது. வீட்டை விட்டுவிடலாமா என்று அவள் யோசித்தது அந்த ஒரு தடவைதான். பஸ்ஸில் வரும்போது அதைக் கணவனிடம் சொல்லவும் செய்தாள்.

"இனி விட்டால், அவங்கள் சொன்னது உண்மையெண்டல்லோ ஆகும்" என்றார் அவர். "நீர் கட்டும்."

அவர் அப்படிச் சொன்னது அவளுக்குப் பெரிய பலம்.

ஜீப்பும் ஆமி ட்ரக்கும் பகலிலேயே வந்தன. பாதையெல்லாம் சனம். எக்கநாயக்க குடையோடு முன்வரிசையில் நின்றார். சிப்பாய்கள் சுவர்களைத் துவக்குப் பிடியால் தட்டினார்கள். கூரைமண்ணில் கம்பியைக் குத்திப் பார்த்தார்கள். இளம் கப்டன் ஒருவன் டோர்ச்சோடு ஏணிவழியாகத் தொட்டிக்குள் இறங்கினான். உள்ளே அவன் சப்பாத்துச் சத்தம் சுவருக்குச் சுவர் போய் எதிரொலித்தது. நவரட்ணராஜா கண்ணை மூடிக்கொண்டார்.

கப்டன் ஏறி வந்தபோது, தொட்டியடியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் காற்சட்டை முழங்கால் வரை ஈரம். "சுரங்கம் எங்கே?" என்று கேட்டான். கேள்வியில் கடுப்பைவிடக் களைப்புத்தான் இருந்தது.

"அதை வரைய மறந்துவிட்டேன்" என்றாள் பத்மாதேவி.

சனத்துக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கப்டனின் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு கப்டன் மண்சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

"இவ்வளவு நன்றாகக் கட்டுகிறீர்கள். எங்களுக்கு நாலு பங்கர் கட்டித் தரலாமே?"

"நான் மனிதர் குடியிருக்கிற வீடுகள்தான் கட்டுவேன், மாத்தயா."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். ஜீப் வளைவில் மறைந்ததும் பத்மாதேவி வேலிப்பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் ஏன் வெளியில் நிற்கிறீர்கள்? ஆமி பார்த்த வீட்டை நீங்கள் பார்க்கக் கூடாதா? வாருங்கள் உள்ளே."

முதலில் கூச்சத்தோடு, பிறகு முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் சுவரில் கன்னத்தை வைத்து, "ஐயோ, என்ன குளிர்!" என்றாள். இன்னொருத்தி, சாமிப்படம் மாட்ட இதில் ஆணி இறங்குமா என்று கேட்டாள். ஒரு கிழவர், குகை மாதிரி இருக்கிறது, துறவிகளுக்குத்தான் சரி என்று தீர்ப்புச் சொன்னார். ஒருவரும் கை தட்டவில்லை, பாராட்டவில்லை. ஆனால் உள்ளே வந்தவர்கள் லேசில் வெளியே போகவுமில்லை. செல்லச்சாமி வீங்கிய கன்னத்தோடு நடுவில் நின்று, தொட்டிக்குள் எப்படித் தண்ணீர் இறங்கும் என்று ஆளாளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பத்மாதேவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வருடம் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளில் பாதி கரண்ட் இல்லை. அஸ்பெஸ்டஸ் சீட்டுக்குக் கீழே மத்தியானத்தில் மனிதர் வெந்தார்கள். பால் காய்ச்சிக் குடிபுகுந்த பத்மாதேவியின் வீட்டில் மின்விசிறியே இல்லை. அவர்கள் அதைத் தேடவுமில்லை.

சுற்றுவட்டாரமெல்லாம் புல் காய்ந்துபோக, கைகழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி அவள் வளர்த்த கூரைப்புல் மட்டும் பச்சையாக நின்றது. மனிதருக்கு முன்னால் அதைச் சரியாக மதித்தது எக்கநாயக்கவின் பசுமாடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கயிற்றை அறுத்துக்கொண்டு, மேல்வளவிலிருந்து நேரே கூரைக்கு நடந்து வந்துவிட்டது. மலையும் கூரையும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் மாட்டுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

"தேவி! கூரையில மாடு!" என்று நவரட்ணராஜா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அயல் முழுவதும் கூடிவிட்டது. கூரை இப்போது இறங்கும், இதோ இறங்குகிறது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, மாடு நிதானமாக மேய்ந்தது. எக்கநாயக்கவும் மூத்த மகளும் பிடிக்கப் போனார்கள். இரண்டு மனிதரும் ஒரு மாடும் கூரைமேல். கீழே குசினியில் பத்மாதேவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஒரு தூசி விழவில்லை.

மாட்டைப் பிடித்த பிறகும் மகள் இறங்கவில்லை. அங்கிருந்து மகாவலியின் வளைவு தெரிந்தது. காற்று வந்தது. அவளுக்கு நாவலப்பிட்டியில் ஆசிரியை வேலை. அங்கே சரிவில் ஒரு துண்டுக் காணியும் இருந்தது. அடுத்த கிழமை வாசலில் வந்து நின்றாள். "மிஸ், என் காணியை ஒருதரம் வந்து பார்ப்பீர்களா?"

"நான் இருக்கும்வரை என் பிள்ளை ஓட்டுக்கூரைக்குக் கீழேதான் படுப்பாள்" என்று பின்னாலிருந்து எக்கநாயக்க உறுமினார்.

தகப்பனும் மகளும் பத்மாதேவியும் ரயிலில் போனார்கள், செல்லச்சாமியும் வந்தார். பத்மாதேவி காணியை மேலும் கீழுமாக நடந்து பார்த்தாள். மழைக்குப் பேர்போன இடம். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தாள். எக்கநாயக்க சண்டைக்குத் தயாராக நின்றார்.

"இங்கே புல்லுக்கூரை வேண்டாம்" என்றாள் அவள். "இவ்வளவு மழைக்குச் சரிவான ஓட்டுக்கூரைதான் நல்லது. தாவாரத்தை அகலமாக இறக்கினால் மண்சுவர் நனையாது. உங்கள் அப்பா சொல்வது சரி."

எக்கநாயக்கவின் முகம் மலர்ந்தது. மகளை வெற்றியோடு பார்த்தார்.

"ஆனால் மலையை வெட்ட விடமாட்டேன்" என்று பத்மாதேவி சொல்லி, அவர் வாயைத் திறப்பதற்குள் அளவுநாடாவின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்தாள். "இதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லடியில் போய் நில்லுங்கள்."

அவர் போய் நின்றார்.