செண்பகவடிவின் உலர்தட்டு

என் மனைவி செண்பகவடிவு வீட்டிலேயே சோப்புச் செய்கிறாள். ஆதலால் எங்கள் நடைகூடம் நீண்டுகொண்டிருக்கிறது.

காரணம் எளிது. புதுச் சோப்பு நாற்பது நாள் காற்றில் உலரவேண்டும். உலர்வதற்குத் தட்டுகள் வேண்டும். தட்டுகளுக்குச் சுவர் வேண்டும். அவள் அச்சிலிருந்து கட்டிகளை எடுக்குந்தோறும் நடைகூடம் தன்னால் இயன்ற அளவு நீள்கிறது. இப்போது வாசற்கதவிலிருந்து அடுக்களைக்குச் செல்ல முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. காலையில் காப்பிக்குப் புறப்படும் நான் சிற்றுண்டி வேளைக்குச் சென்று சேர்கிறேன்.

ஒரு திங்கட்கிழமையன்று சோப்பு மிகுதித் துறையிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். பெயர் ஞானமிக்கேல். கையில் ஒரு படிவம் இருந்தது. தோளில் தண்ணீர்ப் புட்டி தொங்கியது. எங்கள் நடைகூடத்தைப் பற்றி அவர் முன்னரே கேள்விப்பட்டிருந்தார்.

“செண்பகவடிவு வீடுதானே?”

“ஆம்.”

“நீங்க யாரு சார்?”

“கணவன்.”

“அதைப் பொறகு பாப்போம்” என்றார்.

நடந்தவாறே அவர் விதியை விளக்கினார். சோப்புப் பித்துக்கு அறிகுறிகள் ஏழு. ஏழும் காணப்படும் வீடு ஆலை எனப்படும். ஆலையில் கணவர் குடியிருக்க விதியில்லை. அவர் அன்றே கணவர் காப்பகத்திற்கு அனுப்பப்படுவார். அங்கே நல்ல காற்று வரும். கடிதம் எழுதலாம், ஆனால் ஆலைக்கு எழுதக்கூடாது.

“ஆறுதான் இருந்தால்?”

“ஆறுன்னா அது வெறும் பொழுதுபோக்கு சார். நீங்க பாட்டுக்கு இருக்கலாம்.”

அவர் ஓர் ஆவாரம்பூச் சோப்பை எடுத்து முகர்ந்தார். “அருமையா இருக்கே! இதுலதான் குளிக்கீங்களா?”

“இல்லை. கடையில் வாங்கிய சோப்பில் குளிக்கிறேன். இவற்றைக் கரைப்பது முறையன்று.”

அவர் படிவத்தில் ஒரு குறியிட்டார்.

அடுத்த வீட்டுக்காரர் சங்கரபாண்டியன் சுவரோரம் ஒரு முக்காலியின்மேல் இருந்தார். அவர் தராசாக மாறி அப்போது மூன்று வாரமாகியிருந்தது. கிராமில் பத்தில் ஒரு பங்குவரை சரியாகக் காட்டுகிறார். மனிதராக இருந்தபோது அவர் இவ்வளவு துல்லியமானவர் அல்லர். என் மனைவியின் அருகில் இருப்பவர்கள் இவ்வாறு உயர்ந்துவிடுகிறார்கள். ஞானமிக்கேல் தம் பேனாவை அவர்மேல் வைத்துப் பார்த்தார். பதினொன்று புள்ளி நான்கு. இரண்டாம் குறியிட்டார்.

சாளரத்தின் வழியே மழைநீர்க்குழாய் தெரிந்தது. அதில் இரண்டடி இல்லை. வட்டச் சோப்பு வார்ப்பதற்காக என் மனைவி அதனை அறுத்தெடுத்திருந்தாள். மழைநீர் அவ்விரண்டடியைத் தாண்டிக் குதித்துக் கீழ்க்குழாயில் சேர்கிறது. அதனை அவள்தான் பழக்கினாள்.

“கல்யாண வீட்டுக்குப் போனா என்ன செய்வாங்க?”

“பந்திக்குப் பின்புறம் சென்று அப்பளம் பொரித்த எண்ணெயைப் பார்ப்பாள். சென்ற மாதம் மணமகளைப் பார்க்கவில்லை.”

“மொய்க்கு?”

“சோப்பு.”

“துட்டி வீட்டுக்கு?”

“சாவு வீட்டிற்கு வேப்பிலைச் சோப்பு. மணம் சேர்க்காதது. இடமறிந்து செய்பவள் அவள்.”

ஞானமிக்கேலின் பேனா ஓயவில்லை. ஐந்தாகிவிட்டது.

பின்னர் ஒரு பாத்திரத்தின் முன் நின்றார். மல்லிகைத் தைலம் ஊற்றிய கணத்திலேயே அதிலிருந்த கலவை இறுகிவிட்டது. கரண்டி நட்டவாறு நின்றுவிட்டது. என் மனைவி அன்று அழவில்லை. கரண்டிக்கும் ஒரு தேதிச்சீட்டு ஒட்டினாள். ஆறு.

ஞானமிக்கேல் குரலைத் தாழ்த்தினார்.

“கடைசி ஒண்ணுதான் சார். வீட்டுக்காரரை மறந்துட்டாங்களா?”

நான் கரண்டியின் தேதிச்சீட்டைப் படித்தேன்.

“இல்லன்னு போட்டுருதேன். எனக்கும் வீடு, பொண்டாட்டி எல்லாம் இருக்கு.”

எனக்குக் காப்பகத்திற்குச் செல்ல விருப்பமில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளாக அவளுடன் வாழ்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய செவ்வாயன்று அவள் என்னைக் கண்டு, “யாரப் பாக்கணும் சார்?” என்று கேட்டது உண்மை. அப்போது அவள் அளந்துகொண்டிருந்த விளக்கெண்ணெய் பாதி அளவில் நின்றிருந்தது. அந்நிலையில் கணவனை அடையாளம் காண்பவரால் நல்ல சோப்புச் செய்ய இயலாது. சுற்றிலும் பார்த்தேன். நாலாயிரம் கட்டிகள் இருந்தன. ஒன்றன் விளிம்பும் பிசகவில்லை. இதனைப் பொழுதுபோக்கு என்று எழுதவிட எனக்கு மனம் வரவில்லை.

“மறந்துவிட்டாள். எழுதிக்கொள்ளுங்கள்” என்றேன்.

அப்போது என் மனைவி கையுறையும் காப்புக்கண்ணாடியுமாக வந்து சேர்ந்தாள்.

“வாழ்த்துகள்மா, இனி இது ஆலை. சாரைக் கூட்டிட்டுப் போறேன்” என்றார் ஞானமிக்கேல்.

அவள் கண்ணாடியைக் கழற்றி என்னை நெடுநேரம் பார்த்தாள். பின் என் மணிக்கட்டைத் தூக்கி நாக்கின் நுனியால் தொட்டாள். சோப்புச் செய்வோர் இவ்வாறுதான் சோதிப்பர். காஸ்டிக் சோடாவின் காரம் மிஞ்சியிருந்தால் நாக்கில் சுருக்கென்று தைக்கும்.

“சுருக்குங்குது சார். இப்படியே வெளிய அனுப்பினா படுற எடமெல்லாம் புண்ணாயிரும்.”

“எத்தனை நாளாவும்?”

“நாப்பது.”

அவர் விதிகளைப் புரட்டினார். உலராத சரக்கை ஆலையிலிருந்து அகற்றலாகாது. படிவத்தை மடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

தட்டில் வெட்டிவேர்ச் சோப்பிற்கும் கடலைமாவுச் சோப்பிற்கும் நடுவே எனக்கு இடம் கிடைத்தது. அவள் என் சட்டையில் தேதிச்சீட்டுக் குத்தினாள். நாள்தோறும் ஒருமுறை வந்தாள்.

“ஒருக்களிச்சுப் படுங்க. அந்தப் பக்கமும் காத்துப் படணும்லா?”

படுத்தேன்.

“இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா என்னவாம் உங்களுக்கு?”

“உன் சோப்பைப் பொழுதுபோக்கு என்கிறார்.”

“சொல்லிட்டுப் போறான்! கிறுக்குப் பிடிச்ச மனுசன்” என்று கூறி என்னை மறுபுறம் புரட்டினாள்.

நாற்பதாம் நாள் ஞானமிக்கேல் வந்தார். காப்பகத்தார் எனக்கெனக் கொடுத்தனுப்பிய வேட்டியும் துண்டும் அவர் கையில் இருந்தன.

அன்று விடியலில் என் மணிக்கட்டை நானே நாவால் தொட்டுப் பார்த்திருந்தேன். சற்று உப்பாக இருந்தது. வேறொன்றும் இல்லை. நான் நன்கு உலர்ந்திருந்தேன்.

என் மனைவி வந்தாள். ஒரு சொட்டு எண்ணெய் மிகுந்ததற்காக அச்சு முழுவதையும் கவிழ்த்தவள் அவள். அளவில் அவள் பொய் கூறி நான் கேட்டதில்லை. மணிக்கட்டைத் தொட்டாள். கண்களை மூடிக்கொண்டாள்.

“இன்னும் சுருக்குங்குது சார்.”

“நல்லாப் பாத்தீங்களாம்மா?”

“வேணும்னா நீங்க நக்கிப் பாருங்க.”

ஞானமிக்கேல் என் மணிக்கட்டைப் பார்த்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் பழைய சீட்டைக் கழற்றிப் புதிய சீட்டைக் குத்தினாள். குனிந்து படித்தேன். நாளும் மாதமும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. ஆண்டை அவள் எழுதவில்லை.